துணி வெளுத்துப் படித்த வேளாண் விஞ்ஞானி

கடலை, தட்டைப்பயறு போட்டால் மண் தேறும் என்பது நமக்குப் புதிதல்ல. அமெரிக்கப் பருத்தி விவசாயிகளிடம் இதை எடுத்துச் சென்றவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

1860-களில் மிசௌரியில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லாததால், சிறுவயதிலேயே வேறு ஊருக்குப் போய்ப் படித்தார். கடிதத்தில் இடம் கொடுத்த ஒரு கல்லூரி, நேரில் போனதும் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. சில காலம் கன்சாஸில் விவசாயம் பார்த்தார். 1890-ல் அயோவாவின் சிம்சன் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். மாணவர்களின் துணியை வெளுத்துக் கொடுத்துச் சாப்பிட்டார். செடிகள் மேல் அவருக்கிருந்த ஆர்வத்தைக் கவனித்த ஓவிய ஆசிரியை, வேளாண் கல்லூரிக்குப் போகச் சொன்னார். அப்படி ஓர் ஆசிரியர் எல்லோருக்கும் அமைவதில்லை. 1894-ல் இளநிலை, 1896-ல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அப்போது வயது முப்பதை ஒட்டியிருந்தது.

அதே ஆண்டு அலபாமாவில் டஸ்கீகி நிறுவனத்தின் வேளாண் துறைக்குத் தலைவரானார். சுற்றிலும் பருத்தியே போட்டுப்போட்டுச் சத்திழந்த நிலம், உரம் வாங்கக் காசில்லாத விவசாயிகள். வேர் முடிச்சுகளால் தழைச்சத்தைச் சேர்க்கும் தட்டைப்பயறையும் கடலையையும் பருத்தியோடு மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். 1906-ல் அவர் வடிவமைத்த வண்டி, கருவிகளும் விதைகளும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியது. நாங்கள் இன்று ஜீப்பில் வந்து செய்வதும் அதே வேலைதான்.

1943-ல் மறைந்தார். தன் சேமிப்பை டஸ்கீகியில் ஆராய்ச்சிக்கே கொடுத்திருந்தார்.