சிறுவாணியைக் கனவு கண்டவர்

குழாயைத் திறந்தா சிறுவாணித் தண்ணி வருதே, அதற்கு முதலில் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா?

பத்திரிகையாளர் சே.ப. நரசிம்மலு நாயுடு (1854-1922). அன்றைய கோவைக்குக் குளமும் கிணறும்தான் கதி. கோடையில் தட்டுப்பாடு, கூடவே காலரா பயம். அவர் டாக்டரும் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. ஆனாலும் 1889-லேயே முத்திக்குளம் மலை அருவி நீரை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார். உடனே நடக்கவில்லை. ஒரு குடம் தண்ணீர்கூட வந்து பார்க்காமலே 1922-ல் கண்மூடினார். பின்னர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் (நம்ம ஆர்.எஸ்.புரம் அவர் பெயர்தான்!) முயற்சியால் திட்டம் நிறைவேறியது.

நோய் வந்தபின் ஓடுவதல்ல, வருமுன் தடுக்க வழி சொல்வதே தலைமை. பதவி வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். இன்று நாம் ஆரம்பிப்போம். நாளை இன்னொருவர் முடிக்கட்டுமே!