ஏர் உழுகிற பையனுக்கும் விளங்க வேண்டும் – இரத்தசாட்சி வில்லியம் டிண்டேல்



கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், புதிதாய் வந்திருந்த ஒரு தாயார் கிருபை என்றால் என்ன என்று கள்ளமில்லாமல் கேட்டுவிட்டார்கள். பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்பே இரட்சிக்கப்பட்டவர்கள் எல்லாரும் அங்கே இருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஒரு சகோதரர் எபேசியரில் வசனம் இருக்கும் இடத்தைச் சொன்னார். நானும் என் பங்குக்கு மனப்பாடமாய் ஒரு விளக்கம் சொன்னேன். அந்தத் தாயார் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்கள். ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வீடு திரும்பும்போது எனக்குள்ளே ஒரே வெட்கம். தினமும் நூறு தடவை சொல்லுகிற வார்த்தையை ஒரு ஆத்துமாவுக்கு விளங்கச் சொல்லத் தெரியலையே!

அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்த ஆள்தான் வில்லியம் டிண்டேல். வேதாகமத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்ததற்காக எரிக்கப்பட்டவர் என்று பிரசங்கத்தில் அநேகர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் எந்தெந்த வார்த்தைகளுக்காக அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். எல்லாம் நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லுகிற வார்த்தைகள்தான்.

டிண்டேல் 1494 வாக்கில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்து 1512-ல் பி.ஏ., 1515-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவருக்கு இங்கிலீஷையும் சேர்த்து ஏழு பாஷை தெரியும் என்று அவரைச் சந்தித்த ஜெர்மானிய அறிஞர் ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேதம் லத்தீனில் இருந்தது. பேராயர் அருண்டேல் கொண்டுவந்த சட்டப்படி, பிஷப்பின் அனுமதியில்லாமல் ஒரு வசனத்தைக்கூட இங்கிலீஷில் மொழிபெயர்க்கக் கூடாது. டிண்டேல் வாலிபனாய் இருந்த காலத்தில், கவென்ட்ரி என்ற ஊரில் ஆறு ஆண்களும் ஒரு விதவைத் தாயாரும் எரிக்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கற்பனைகளையும் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே குற்றம் என்று ஜான் ஃபாக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். நம்ம ஓய்வுநாள் பள்ளி டீச்சர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்!

1521-க்குப்பின் டிண்டேல், சர் ஜான் வால்ஷ் என்பவருடைய வீட்டில் பிள்ளைகளுக்கு வாத்தியாராய் இருந்தார். அந்த வீட்டுக்குச் சாப்பிட வரும் பெரிய குருமாரோடு அவருக்கு அடிக்கடி வாக்குவாதம் வரும். ஒருநாள் ஒரு படித்த குரு, போப்பின் சட்டம் இல்லாமல் இருப்பதைவிட தேவனுடைய சட்டம் இல்லாமல் இருப்பது மேல் என்று வாய்தவறியோ மனதாரவோ சொல்லிவிட்டார். டிண்டேலுக்குப் பொறுக்கவில்லை. தேவன் எனக்கு ஆயுசு கொடுத்தால், ஏர் உழுகிற பையன் உம்மைவிட அதிகமாய் வேதம் அறியும்படி செய்வேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். அதற்குப்பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கையெல்லாம் அந்த ஒரு பேச்சை நிறைவேற்றத்தான்.

1523-ல் லண்டனுக்குப் போய் பிஷப் டன்ஸ்டலிடம் அனுமதி கேட்டார். தன் வீட்டில் இடமில்லை என்று பிஷப் அனுப்பிவிட்டார். ஹம்ஃப்ரி மன்மத் என்ற துணி வியாபாரி ஏறக்குறைய ஆறு மாதம் வைத்துப் பராமரித்தார். இங்கிலாந்து முழுவதிலுமே இந்த வேலைக்கு இடமில்லை என்று கண்டுகொண்ட டிண்டேல் 1524-ல் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார். மறுபடி சொந்த மண்ணை மிதிக்கவே இல்லை.

கொலோன் பட்டணத்தில் அச்சுவேலை நடந்துகொண்டிருந்தபோது, கொக்லேயஸ் என்ற எதிராளி அச்சுத் தொழிலாளிகளுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுத்து இரகசியத்தைக் கறந்துவிட்டான். அச்சான தாள்களைச் சுருட்டிக்கொண்டு டிண்டேல் ரைன் நதி வழியாய் வோர்ம்ஸ் பட்டணத்துக்குத் தப்பி ஓடினார். 1526-ல் அங்கே புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. கையடக்கமான சின்னப் புஸ்தகம். துணி மூட்டைகளுக்குள் ஒளிந்து இங்கிலாந்து துறைமுகங்களில் போய் இறங்கியது. அதே வருஷம் பிஷப் டன்ஸ்டல் அதை லண்டன் பவுல் தேவாலயத்தண்டையில் எரித்தார். பிறகு வியாபாரி ஒருவர் மூலமாய்க் காசு கொடுத்தும் வாங்கி எரித்தார். அந்தக் காசு டிண்டேலின் கைக்கே வந்து, திருத்திய பதிப்புக்கு உதவிற்று என்று எட்வர்ட் ஹால் என்ற அக்காலத்து வரலாற்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். காகத்தைக் கொண்டு எலியாவைப் போஷித்த தேவன் அல்லவா!

சரி, அந்தப் புஸ்தகத்தில் அப்படி என்ன இருந்தது?

மனந்திரும்புதலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய லத்தீன் வேதத்தில் அந்த இடத்தில், தவம் செய்யுங்கள் என்று பொருள்படும்படி இருந்தது. ஜனங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? குருவிடம் போக வேண்டும், அவர் விதிக்கிற தண்டனையைச் செய்ய வேண்டும், உபவாசம், புனித யாத்திரை, காணிக்கை... கணக்குத் தீராது. டிண்டேல் 1516-ல் எராஸ்மஸ் அச்சிட்ட கிரேக்க மூலத்தைப் பார்த்தார். அங்கே இருப்பது மனம் மாறுவது. ஆகவே 'ரிப்பென்ட்' என்று போட்டார். அதாவது, தப்பான வழியில் போகிறவன் நின்று, திரும்பி, தகப்பன் வீட்டைப் பார்த்து நடப்பது. நம்ம தமிழில் 'மனந்திரும்பு' என்று எவ்வளவு அழகாய் இருக்கிறது பாருங்கள். திரும்புவது கால் அல்ல, மனம். இந்த ஒரு வார்த்தை மாறினதும் கெட்ட குமாரனுக்கும் தகப்பனுக்கும் நடுவே கட்டணம் வசூலிக்க ஆள் தேவையில்லாமல் போயிற்று. கோபம் வராமல் இருக்குமா?

அடுத்தது சபை. 'சர்ச்' என்று சொன்னால் ஜனங்கள் மனதில் கற்கோபுரமும் குருமார் கூட்டமும்தான் வந்தது. டிண்டேல் 'காங்கிரகேஷன்', கூடிவருகிற ஜனம், என்று எழுதினார். (நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சபைக்கு வெள்ளையடிக்கணும் என்று சொல்லுகிறோம். வெள்ளையடித்தால் விசுவாசிகள் என்ன ஆவது?) பூசாரி என்ற அர்த்தம் தொனித்த வார்த்தையை எடுத்துவிட்டு முதலில் 'சீனியர்' என்றும், 1534-ல் திருத்தியபோது 'எல்டர்' என்றும் போட்டார். நம்ம வேதத்தில் மூப்பர் என்று இருப்பது இதுதான். 1 கொரிந்தியர் 13-ம் அதிகாரத்தில் 'சாரிட்டி' என்று இருந்ததை 'லவ்' என்று மாற்றினார். புருஷன் பெண்ஜாதியிடத்திலும் தாய் பிள்ளையிடத்திலும் சொல்லுகிற வீட்டு வார்த்தை! 1611-ல் வந்த ஜேம்ஸ் ராஜா வேதாகமத்தில் அங்கே மறுபடியும் 'சாரிட்டி' போட்டார்கள். 1881-ல் வந்த திருத்திய பதிப்பில் டிண்டேலின் 'லவ்' திரும்பி வந்தது.

இந்த வார்த்தைகளையெல்லாம் வரிசையாய்ப் பிடித்துக்கொண்டு எழுதியவர் சர் தாமஸ் மோர், பெரிய மேதை, ராஜாவின் மந்திரி. 1529-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். டிண்டேல் 1531-ல் பதில் எழுதினார். மோர் மறுபடி எழுதிய மறுப்பு ஏறக்குறைய ஐந்து லட்சம் வார்த்தை! உள்ளதைச் சொல்ல வேண்டும்: இரண்டு பேருமே ஒருவரையொருவர் திட்டுவதில் குறைவைக்கவில்லை. டிண்டேலின் பேனாவும் சில இடங்களில் தேளாய்க் கொட்டியது. ஆனால் மோர் ஒன்றைச் சரியாய்க் கண்டுகொண்டார். வார்த்தை மாறினால் அதன் பின்னாலே எல்லாம் மாறும்.

டிண்டேல் அதோடு நிற்கவில்லை. எபிரெயு கற்றுக்கொண்டு 1530-ல் மோசேயின் ஐந்து ஆகமங்களையும் அச்சிட்டார். இங்கிலீஷில் வார்த்தையே இல்லாத இடத்தில் வார்த்தையைச் செய்தார். பஸ்காவுக்கு 'பாஸ்ஓவர்' என்று போட்டார்: கடந்துபோதல். நிலைக்காலில் இரத்தத்தைக் கண்டவர் அந்த வீட்டைக் கடந்துபோனது அந்தப் பேரிலேயே தெரிகிறது. லேவியராகமம் 16-ல் பாவங்களைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போகிற ஆட்டுக்கு, தப்பிப்போகிற ஆடு என்ற பொருளில் ஒரு பேர் வைத்தார். நம்ம தமிழ் வேதம் போக்காடு என்கிறது. கிருபாசனத்துக்கு 'மெர்சி சீட்' என்ற வார்த்தையையும் இங்கிலீஷ் வேதத்தில் வைத்தார்.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது 'அடோன்மென்ட்'. அதைப் பிரித்துப் பாருங்கள்: 'அட்-ஒன்-மென்ட்'. இரண்டு பேர் ஒன்றாய் இருத்தல். அது இறையியல் கல்லூரியில் பிறந்த வார்த்தை அல்ல. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் சமாதானமாவதற்கு ஜனங்கள் மத்தியில் ஏற்கெனவே புழங்கியது. டிண்டேல் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பலிபீடத்தண்டையில் வைத்தார். ரோமர் 5:11-லும் வைத்தார். பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும், பத்து வருஷம் கழித்து ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒருத்தர் இலைக்கு ஒருத்தர் சோறு போடச் சொல்லுகிறார்களே, அதுதான். தேவனோடு நமக்கு அந்தப் பந்தியை வாங்கித் தந்தது இயேசுவின் இரத்தம். அல்லேலூயா!

ஆதியாகமத்தோடு கடினமான வார்த்தைகளுக்கு ஒரு சின்ன அட்டவணையும் சேர்த்தார். விசுவாசம் என்றால் தேவனுடைய வாக்கை நம்பி, அவர் நல்லவர், பொய் சொல்லாதவர் என்று அவர்மேல் சாய்ந்துகொள்வது என்ற கருத்தில் ஒரே வரி. கிருபை என்றால் தயவு, பிரியம், நோவாவுக்குக் கிடைத்தது போல என்று ஒரு வரி. அவ்வளவுதான்!

அடுத்த வாரம் அதே வீட்டில் அந்தத் தாயாரிடம் இதைத்தான் சொன்னேன். தேவனுக்கு உங்கள்மேல் பிரியம், நீங்கள் அவருக்காக எதுவும் செய்கிறதற்கு முந்தியே பிரியம் என்றேன். நான் அவரைத் தெரியாமல் இருந்தேனே, அப்பவுமா என்று கேட்டார்கள். அப்பவும்தான் அம்மா என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த முறை தலையை ஆட்டவில்லை.

டிண்டேல் தன் கடைசி வருஷங்களில் ஆன்ட்வெர்ப் பட்டணத்தில் தங்கினார். வாரத்தில் இரண்டு நாள் வேலையை ஒதுக்கிவைத்து, இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த அகதிகளையும், பட்டணத்து ஏழைகளையும் தேடிப்போய் உதவி செய்வார். 1535 மே மாதத்தில் ஹென்றி ஃபிலிப்ஸ் என்ற வாலிபன் நண்பனைப்போல வந்தான். அன்று காலையில் டிண்டேலிடமே நாற்பது ஷில்லிங் கடன் வாங்கினான். பிறகு சாப்பிடப் போகும்போது, குறுகலான வாசலில் மரியாதைக்குப்போல அவரை முன்னால் போகவிட்டு, பின்னால் இருந்து விரலால் காட்டிக்கொடுத்தான். யூதாஸ் வாங்கினது முப்பது வெள்ளிக்காசு. இவன் கடனும் வாங்கினான்!

வில்வோர்டே கோட்டைச் சிறையில் ஏறக்குறைய பதினாறு மாதம். அங்கிருந்து அவர் லத்தீனில் எழுதிய ஒரு கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. குளிர்காலம் வருகிறது, தலைக்கு ஒரு கனத்த குல்லா வேண்டும், சட்டை தேய்ந்துபோயிற்று, ராத்திரியில் இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பது கஷ்டமாயிருக்கிறது, ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாய் எபிரெய வேதமும், இலக்கணமும், அகராதியும் வேண்டுமாம். பழைய ஏற்பாடு இன்னும் முடியவில்லையே! அவர் சிறையில் இருந்த அதே 1535-ல், அவரை எதிர்த்த தாமஸ் மோரின் தலையையும் அதே இங்கிலாந்து ராஜா வாங்கிவிட்டான்.

1536 அக்டோபரில் டிண்டேலைக் கம்பத்தில் கட்டி, கழுத்தை நெரித்து, பிறகு எரித்தார்கள். இங்கிலாந்து ராஜாவின் கண்களைத் திறந்தருளும்படி ஆண்டவரை வேண்டிக்கொண்டே செத்தார் என்று ஃபாக்ஸ் சொல்லுகிறார்.

மறுவருஷமே, 1537-ல், எட்டாம் ஹென்றி ராஜா ஒரு இங்கிலீஷ் வேதாகமத்துக்கு அனுமதி கொடுத்தார். மேலே மத்தேயு என்ற வேறொரு பேர். உள்ளே பெரும்பகுதி டிண்டேலின் மொழிபெயர்ப்பு. 1538-ல் ஒவ்வொரு ஆலயத்திலும் இங்கிலீஷ் வேதாகமம் வைக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. 1541-ல் வந்த பெரிய வேதாகமப் பதிப்பில், இதைப் பார்வையிட்டவர் என்று யாருடைய பேர் அச்சாகியிருக்கிறது தெரியுமா? பிஷப் டன்ஸ்டல்!

அந்த நாட்களில் செம்ஸ்போர்ட் என்ற ஊரில் சில ஏழை மனுஷர் சேர்ந்து ஒரு புதிய ஏற்பாடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் கடைசியில் உட்கார்ந்து சத்தமாய் வாசிப்பார்கள். வில்லியம் மால்டன் என்ற பையன் ஓடிப்போய்க் கேட்பான். அவன் அப்பா வந்து இழுத்துக்கொண்டுபோய் லத்தீன் ஜெபம் சொல்லவைப்பார். பையன் தானாகவே எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டான். அப்பாவிடம் வேலை பழகிக்கொண்டிருந்த இன்னொரு பையனும் அவனுமாய்க் காசு சேர்த்து, சொந்தமாய் ஒரு புதிய ஏற்பாடு வாங்கினார்கள். அதைத் தங்கள் வைக்கோல் படுக்கைக்குள் ஒளித்துவைத்து, சமயம் கிடைத்தபோதெல்லாம் எடுத்து வாசித்தார்கள்.