எட்வர்ட் டர்னர்

எட்வர்ட் டர்னர் (ஜனவரி 24, 1901 – ஆகஸ்ட் 15, 1973) இங்கிலாந்தைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் வடிவமைப்பாளரும் ட்ரையம்ப் நிறுவனத்தின் நிர்வாகியும் ஆவார். 1937 ஆம் ஆண்டில் இவர் வடிவமைத்த ஸ்பீட் ட்வின் என்னும் வண்டி, இரண்டு உருளைகள் அருகருகே அமைந்த இணை இரட்டை எஞ்சினைப் பரவலாக்கியது. அந்த எஞ்சினும் அதன் வழிவந்தவையும் பல பந்தயங்களில் வென்றன. ஆயினும், தமது தொழிற்சாலை நேரடியாகப் பந்தயங்களில் இறங்குவதை டர்னர் விரும்பவில்லை. அந்த வெற்றிகளில் பலவற்றை ஈட்டியவர்கள் பிறரே.

இளமைக் காலம்

டர்னர் இலண்டன் மாநகரின் தென்பகுதியில் பிறந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் வணிகக் கப்பலில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகப் பணியாற்றினார். பின்னர் இலண்டனின் பெக்கம் சாலையில் மோட்டார் சைக்கிள் கடை ஒன்றை நடத்தினார். அங்கிருந்தபோதே 350 சிசி ஒற்றை உருளை எஞ்சின் ஒன்றைத் தாமே வடிவமைத்து, 1927 இல் அதைக் கொண்டு முழு வண்டி ஒன்றையும் உருவாக்கினார்.

நான்கு உருளைகளைச் சதுர வடிவில் அமைக்கும் எண்ணமும் அக்காலத்தில் இவருக்குத் தோன்றியது. பர்மிங்காமில் இருந்த ஏரியல் நிறுவனத்தின் ஜாக் சாங்ஸ்டர் அதை ஏற்று இவரைப் பணியில் அமர்த்தினார். ஸ்கொயர் ஃபோர் என்னும் பெயரில் 1930 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்ட அவ்வண்டி, பல மாற்றங்களுடன் 1959 வரை உற்பத்தி செய்யப்பட்டது.

ஸ்பீட் ட்வின்

1936 இல் சாங்ஸ்டர், கோவென்ட்ரி நகரில் இருந்த ட்ரையம்ப் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கி, டர்னரை அதன் பொது மேலாளராகவும் தலைமை வடிவமைப்பாளராகவும் ஆக்கினார். மறு ஆண்டே ஸ்பீட் ட்வின் வெளிவந்தது. இதன் எஞ்சின் 498 சிசி கொள்ளளவு கொண்டது. உருளையின் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் செல்லும் தொலைவு 80 மி.மீ. ஆகும். விலை 75 பவுண்டு.

நான்கு வீச்சு எஞ்சினில் ஓர் உருளையில், கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது ஒருமுறையே எரிதல் நிகழும். டர்னரின் எஞ்சினில் இரு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும். ஆனால் உருளைகள் மாறிமாறி எரியும். எனவே ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓர் உந்துதல் சீரான இடைவெளியில் கிடைக்கிறது. இச்சீர்மையால் இரண்டு உருளைகளுக்கும் ஒரே கார்புரேட்டர் போதுமானதாக இருந்தது. ஒரு பெரிய பிஸ்டனுக்கு மாற்றாக எடை குறைந்த இரு பிஸ்டன்கள் இருந்தமையால், எஞ்சினை விரைவாகச் சுழற்றவும் முடிந்தது. எஞ்சின் ஒடுக்கமாக இருந்ததால், ஒற்றை உருளை வண்டிக்கென இருந்த சட்டத்தை ஒட்டியே வண்டியை அமைக்க இயன்றது.

இவ்வமைப்பிற்குக் குறையும் உண்டு. இரு பிஸ்டன்களும் ஒரே திசையில் செல்வதால், அவற்றின் அசைவு ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. இதனால் எழும் அதிர்வு விசை, சுழல்வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் அவ்விசை நான்கு மடங்காகும். பிற்காலத்தில் கொள்ளளவும் வேகமும் கூட்டப்பட்டபோது இக்குறை பெரிதாகத் தெரிந்தது.

பந்தயமும் டர்னரும்

1938 இல் ஐவன் விக்ஸ்டீட், சூப்பர்சார்ஜர் என்னும் காற்றழுத்தி பொருத்திய ஸ்பீட் ட்வினை புரூக்லாண்ட்ஸ் தடத்தில் மணிக்கு 118.02 மைல் (ஏறத்தாழ 190 கி.மீ.) வேகத்தில் ஓட்டி, 500 சிசி பிரிவின் சுற்றுச் சாதனையைப் படைத்தார். இது தனியார் முயற்சியாகும். 1939 இல் பந்தயங்கள் நின்று, பின்னர் அத்தடம் மீண்டும் திறக்கப்படாததால் அச்சாதனை முறியடிக்கப்படவே இல்லை.

1939 இல் டர்னரின் மனைவி எடித் கார் விபத்தில் இறந்தார். 1940 நவம்பர் 14 அன்று நடந்த செருமானிய விமானத் தாக்குதலில் கோவென்ட்ரி தொழிற்சாலை அழிந்தது. 1942 இல் மெரிடன் என்னும் ஊரில் புதிய தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

போர்க் காலத்தில் ட்ரையம்ப் நிறுவனம் வான்படைக்கு மின்னாக்கிகளைச் செய்து அளித்தது. அவற்றின் எஞ்சின் உருளைகள் எடை குறைந்த அலுமினியக் கலவையால் ஆனவை. தொழிற்சாலையின் ஃபிரெடி கிளார்க் இவ்வுருளைகளைக் கொண்டு பந்தய வண்டி ஒன்றை உருவாக்கினார். 1946 மான்க்ஸ் கிராண்ட் பிரீ சீனியர் பந்தயத்தில் எர்னி லயன்ஸ் கொட்டும் மழையில் அதை ஓட்டி வென்றார். டர்னருக்கு இதில் உடன்பாடு இல்லை எனினும், அவ்வெற்றியைத் தொடர்ந்து 1948 முதல் 1950 வரை கிராண்ட் பிரீ என்னும் பந்தய வண்டி சிறு எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்தது. 1948 இல் டான் கிராஸ்லி அதில் அதே பந்தயத்தை வென்றார்.

டர்னர் விரும்பியது வேறுவகை விளம்பரமாகும். 1949 இல் தண்டர்பேர்ட் என்னும் 650 சிசி வண்டி வெளிவந்தபோது, மூன்று வண்டிகள் பிரான்சின் மோன்லெரி தடத்தில் ஒவ்வொன்றும் 500 மைல் தொலைவை மணிக்கு 90 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் கடந்தன. பந்தயக் களத்தில் தோற்கும் வாய்ப்பு இதில் இல்லை.

பானவில்

அமெரிக்கச் சந்தையில் டர்னர் மிகுந்த கவனம் செலுத்தினார். 1956 இல் ஜானி ஆலன், அமெரிக்காவின் பானவில் உப்புத் திடலில் 650 சிசி ட்ரையம்ப் எஞ்சின் பொருத்திய காற்றியக்கக் கூட்டு வண்டியை மணிக்கு 214 மைல் வேகத்தில் செலுத்தினார். பன்னாட்டுக் கூட்டமைப்பு இதனை உலகச் சாதனையாக ஏற்கவில்லை. இரண்டு கார்புரேட்டர்களுடன் 1959 ஆம் ஆண்டு வரிசையில் வெளியான வண்டிக்குப் பானவில் என்ற பெயரே சூட்டப்பட்டது. 1969 இல் மால்கம் அப்ஹில் பானவில் வண்டியில் மான் தீவின் உற்பத்தி வண்டிப் பந்தயத்தை வென்று, அவ்வகை வண்டியில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட முதல் சுற்றையும் பதிவு செய்தார்.

இறுதிக் காலம்

1960 இல் சப்பான் சென்ற டர்னர், அங்கிருந்த தொழிற்சாலைகளின் அளவையும் நவீன இயந்திரங்களையும் கண்டு, பிரித்தானியத் தொழில் பின்தங்கிவருவதை அறிக்கையாக எழுதினார். எனினும் ட்ரையம்ப் தொடர்ந்து 1937 ஆம் ஆண்டின் அடிப்படை அமைப்பையே நம்பியிருந்தது. 1964 இல் இவர் நிர்வாகப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். இவர் மறைந்த மறுமாதமே மெரிடன் தொழிற்சாலையை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. தொழிலாளர்கள் அதை எதிர்த்துப் போராடிக் கூட்டுறவு முறையில் 1983 வரை நடத்தினர்.

தாக்கம்

ஸ்பீட் ட்வினின் வெற்றியைக் கண்டு, போருக்குப் பின் பி.எஸ்.ஏ., நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு முதலிய பிரித்தானிய நிறுவனங்களும் இணை இரட்டை வண்டிகளை வெளியிட்டன. நார்ட்டனின் டாமினேட்டர் எஞ்சினை வடிவமைத்தவர் டர்னரிடம் உதவியாளராக இருந்த பெர்ட் ஹாப்வுட் ஆவார்.

1955 இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, ஒற்றை உருளை புல்லட் வண்டியாலேயே அறியப்பட்டது. அதன் வழிவந்த இன்றைய ராயல் என்ஃபீல்டு 2018 இல் 648 சிசி இணை இரட்டை வண்டிகளை அறிமுகப்படுத்தியது. அவற்றில் பிஸ்டன்கள் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. கிராங்க் ஊசிகள் 270 பாகை இடைவெளியில் உள்ளன. எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் சமன்தண்டும் உண்டு. 2021 இல் தொடங்கிய கான்டினென்டல் ஜிடி கோப்பைக்காக, கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரே வகையான இவ்விரட்டை உருளை வண்டிகள் போட்டியிட்டன.