வானில் வாழ வழி கண்ட பிக்கார்டு

நாம் காற்றாகிய பெருங்கடலின் அடியில் வாழ்கின்றோம். மேலே செல்லச் செல்லக் காற்றின் செறிவு குறைகின்றது. உயிர் வாழ்தலும் அரிதாகின்றது. 1875-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினர் மூவர், 'செனித்' என்னும் பலூனில் ஏறி 8,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை எட்டினர். பிராணவாயு நிரம்பிய பைகள் அருகிலேயே இருந்தன. எனினும், அவற்றைப் பற்றுதற்கும் ஆற்றலின்றி அவர்கள் மயங்கினர். இருவர் மாண்டனர், ஒருவரே உயிர் தப்பினார். இத்தகைய இடரை வெல்லும் வழியைக் கண்டு, அதனைத் தம் உயிரையே பணயமாக வைத்து ஆராய்ந்து காட்டிய பேரறிஞர் அகஸ்டு பிக்கார்டு ஆவார்.

இவர் 1884-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டுப் பேசல் நகரில், இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். தந்தையார் வேதியியற் பேராசிரியர். சூரிச்சு நகரில் கல்வி பயின்ற பிக்கார்டு, பின்னர் பெல்சிய நாட்டுப் பிரசல்சுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியராக விளங்கினார். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய விரும்பிய அவர், அதற்கு வானின் உயர்ந்த அடுக்கிற்கே செல்லுதல் வேண்டும் எனத் துணிந்தார்.

ஏறத்தாழ 16,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் நிலத்தில் உள்ளதிற் பத்தில் ஒரு பங்கேயாகும். அங்கே பிராணவாயுவை முகமூடி வழியாகச் சுவாசிப்பது மட்டும் போதாது. ஆதலின், நிலவுலகக் காற்றையே ஒரு கூண்டில் அடைத்து உடன்கொண்டு செல்லப் பிக்கார்டு எண்ணினார். அழுத்தத்தை எப்புறமும் ஒப்பத் தாங்கவல்லது உருண்டை வடிவம். எனவே, இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த குறுக்களவுடைய அலுமினியக் கோளம் ஒன்றைச் செய்வித்தார். திரவப் பிராணவாயு மெல்ல ஆவியாகி, மூச்சினாற் குறைந்ததை ஈடு செய்தது. வெளிவிடும் கரியமில வாயுவைக் காரப்பொருள் உறிஞ்சியது. நீர்மூழ்கிக் கப்பலில் வழங்கிய முறையே இங்கு வானுக்கு ஏறியது. வெப்பத்தைச் சீர்ப்படுத்தக் கூண்டின் ஒருபுறம் கருமையும், மறுபுறம் வெண்மையும் பூசப்பெற்றன.

1931-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் விடியலில், செர்மனி நாட்டு ஆக்சுபர்க்கு நகரிலிருந்து, பால் கிப்பர் என்னும் துணைவருடன் பிக்கார்டு புறப்பட்டார். பலூன் விரைந்து உயர்ந்தது. அப்பொழுது கூண்டில் இருந்த ஒரு துளை வழியாகக் காற்றுச் சீறி வெளியேறலாயிற்று. பிக்கார்டு கலங்கவில்லை. உடன்கொண்டு வந்திருந்த வாசலின் கலந்த நாரை அத்துளையில் அடைத்து, இருவர் உயிரையும் காத்தார். 15,781 மீட்டர் உயரம் எட்டப்பெற்றது. அதற்கு முன் மனிதர் எவரும் அவ்வளவு உயரம் சென்றதில்லை.

இடர் அத்துடன் தீரவில்லை. வாயுவை வெளியேற்றும் கயிறு சிக்கிக்கொண்டமையால் கீழிறங்க இயலவில்லை. கூண்டைச் சுழற்றும் பொறியும் பழுதுற்றது. கரிய புறம் ஞாயிற்றை நோக்கி நின்றமையால், உள்ளே வெம்மையும் நீர் வேட்கையும் வாட்டின. மாலையில் வாயு குளிர்ந்து சுருங்கிய பின்னரே பலூன் தாழ்ந்தது. இரவில் அவர்கள் ஆஸ்திரிய நாட்டு மலைப் பனிப்பரப்பு ஒன்றில் இறங்கினர். மாண்டனரோ என்று உலகம் அஞ்சிய அவ்விருவரும் மறுநாள் நலமே மீண்டனர்.

குறைகளைக் களைந்து, 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், மாக்சு கோசின்சு என்பாருடன் பிக்கார்டு மீண்டும் ஏறி, 16,201 மீட்டர் உயரத்தை அடைந்தார். பின்னர் அவர் நோக்கம் கடலின் ஆழத்திற்குச் சென்றது. மூடிய கோளத்தின் துணைகொண்டே 1953-ஆம் ஆண்டில், தம் மைந்தர் சாக்குடன், கடலுள் ஏறத்தாழ 3,150 மீட்டர் ஆழம் இறங்கினார்.

1961-ஆம் ஆண்டு ஏப்பிரல் 12-ஆம் நாள், உருசிய வீரர் யூரி ககாரின், காற்று நிரம்பிய உருண்டைக் கூண்டில் அமர்ந்து உலகை வலம் வந்தார். அந்நிகழ்ச்சி நடந்த காலத்தில் பிக்கார்டு உயிருடன் இருந்தார். 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் இயற்கை எய்தினார். இன்றும் விண்கலம் அமைப்போர், காற்றுக் கசியாமை, பிராணவாயுவை ஈடு செய்தல், கரியமில வாயுவை அகற்றுதல், வெப்பத்தைச் சீர்ப்படுத்தல் ஆகிய நான்கையும் முதற்கண் நாடுகின்றனர். துணிவு மனிதனை மேலே ஏற்றும். வருமுன் காக்கும் அறிவே அவனை உயிருடன் மீட்டுக் கொணரும். பிக்கார்டின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.