பிரீட்ரிக் ஜோலி

பிரீட்ரிக் ஜோலி (நவம்பர் 24, 1844 - ஜனவரி 4, 1904) ஜெர்மனியைச் சேர்ந்த உளநோய் மருத்துவரும் நரம்பியல் வல்லுநரும் ஆவார். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோயின் பெயர் இவர் இட்ட பெயரிலிருந்து வந்ததாகும். நரம்பை மின்சாரத்தால் தொடர்ந்து தூண்டி இந்நோயை அறியும் முறையை 1895 ஆம் ஆண்டில் இவர் விளக்கினார். அம்முறை இவர் பெயரால் ஜோலி சோதனை என்று வழங்கப்படுகிறது. மனநோய் என்றோ நடிப்பு என்றோ ஐயுறப்படக்கூடிய ஒரு சோர்வு, உண்மையில் உடலின் குறையே என்பதை இச்சோதனை எடுத்துக்காட்டியது.

இளமையும் குடும்பமும்

ஜோலி ஹைடல்பெர்க் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை பிலிப் வான் ஜோலி இயற்பியல் பேராசிரியர். அவர் 1854 ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். பின்னாளில் குவாண்டம் கொள்கைக்கு அடித்தளமிட்ட மேக்ஸ் பிளாங்க் மாணவராக இருந்தபோது, இயற்பியலில் புதிதாகக் கண்டறிய அதிகம் இல்லை என்று அவருக்கு அறிவுரை கூறியவர் இந்தப் பிலிப் ஜோலியே.

பிரீட்ரிக்கின் தம்பி ஜூலியஸ் ஜோலி (1849 - 1932) வடமொழி அறிஞர். விஷ்ணு ஸ்மிருதி, நாரத ஸ்மிருதி ஆகிய நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1880களில் கல்கத்தாவில் சட்டத்துறைச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இந்திய மருத்துவம் பற்றி இவர் எழுதிய நூல் 1901 இல் வெளியானது.

மருத்துவப் பணி

மியூனிக்கிலும் கோட்டிங்கனிலும் மருத்துவம் பயின்ற பிரீட்ரிக் ஜோலி 1867 இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு வூர்ஸ்பர்க் நகரில் ரைனெக்கர் என்பவரிடம் உதவி மருத்துவரானார். 1873 இல், அப்போது ஜெர்மன் பேரரசின்கீழ் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உளநோய் மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது. 1890 இல் கார்ல் வெஸ்ட்பாலின் இடத்தில் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் உளநோய், நரம்பியல் பிரிவுக்குத் தலைவரானார். ஹிஸ்டீரியா பற்றியும் உடல்நலம் குறித்த மிகையான அச்சம் பற்றியும் இவர் விரிவாக எழுதியுள்ளார்.

நோயும் ஐயமும்

மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் கண் இமை தாழும். பொருள்கள் இரண்டாகத் தெரியும். மெல்லுவதும் விழுங்குவதும் பேசுவதும் கடினமாகும். பலருக்குக் காலையில் வலிமை இருக்கும், மாலையில் குறையும். ஓய்வெடுத்தால் மீண்டும் வலிமை வரும். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இவ்வாறு வந்து வந்து போகும் தளர்ச்சியை நோய் என ஏற்பது எளிதாக இருக்கவில்லை. 1877 இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் எழுதிய குறிப்பில் இடம்பெறும் பெண்ணுக்கு முதலில் ஹிஸ்டீரியா என்றே கருதப்பட்டது. அப்பெண் மூச்சுத் தடைப்பட்டு இறந்தார். உடற்கூறாய்வில் மூளைத்தண்டில் எந்தப் பழுதும் காணப்படவில்லை. 1879 இல் வில்ஹெல்ம் எர்ப், 1893 இல் வார்சாவைச் சேர்ந்த சாமுவேல் கோல்ட்பிளாம் ஆகியோர் நோயின் குறிகளைத் தெளிவாக விவரித்தனர். ஆயினும் குறை எங்கே உள்ளது என்பது விளங்கவில்லை.

ஜோலி சோதனை

ஜோலி 1895 இல் இந்நோயுற்ற இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார். நரம்பின் மீது விட்டுவிட்டுப் பாயும் மின்சாரத்தைத் தொடர்ந்து செலுத்தியபோது, தசை முதலில் நன்றாகச் சுருங்கியது. பின்னர் சுருக்கம் விரைவாகக் குறைந்தது. ஓய்வுக்குப் பின் மீண்டது. நலமானவரின் தசை இவ்வாறு விரைவில் தளர்வதில்லை. மேலும், மின்சாரத்தால் களைத்த தசையை நோயாளி தாமாக அசைக்க முயன்றாலும் அது வலுவிழந்தே இருந்தது. தாமாக அசைத்துக் களைத்த தசை மின்சாரத்துக்கும் சரியாக இயங்கவில்லை.

மின்சாரத்தால் ஏற்படும் சுருக்கத்தில் நோயாளியின் விருப்பத்துக்கு இடமில்லை. ஆகவே, அச்சுருக்கம் தளர்வதற்கு மனத்தைக் காரணம் கூற இயலாது. ஹிஸ்டீரியாவை நன்கு அறிந்த உளநோய் மருத்துவர் ஒருவரே இதைக் காட்டியது குறிப்பிடத்தக்கது.

உடற்கூறாய்வில் பழுது தெரியாத வாதம் என்பதால், பொய்வாதம் எனப் பொருள்படும் சொல்லையும் சேர்த்து, மயஸ்தீனியா கிராவிஸ் சூடோபாரலிடிகா என்று ஜோலி பெயரிட்டார். இதில் மயஸ்தீனியா என்பது தசைத் தளர்ச்சியையும் கிராவிஸ் என்பது கடுமையையும் குறிக்கும். பின்னர் இறுதிச் சொல் வழக்கொழிந்தது.

பைசோஸ்டிக்மின் என்னும் மருந்து பயன்படக்கூடும் என்றும் ஜோலி குறிப்பிட்டார். ஆனால் அதனைச் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. 1934 இல் கிரீனிச் நகரின் செயின்ட் ஆல்பெஜ் மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர், அம்மருந்தை ஊசிவழி செலுத்தி நோயாளி சில மணி நேரம் வலிமை பெறுவதைக் காட்டினார். இந்நோய் கியூராரே நஞ்சின் விளைவை ஒத்திருப்பதும், அந்நஞ்சுக்குப் பைசோஸ்டிக்மின் மாற்று மருந்தாக இருப்பதும் அவருக்கு வழிகாட்டின.

இன்றைய முறை

ஜோலி தசையின் அசைவைக் கண்ணால் கண்டார். 1941 இல் அமெரிக்காவின் ஹார்வி, மாஸ்லண்ட் ஆகியோர் தசையின் மின் விளைவைப் பதிவு செய்யும் முறையை விளக்கினர். இன்று தோலின் மீது மின்முனைகளை ஒட்டி, நொடிக்கு 2 அல்லது 3 முறை நரம்பைத் தூண்டுவர். முதல் பதிவைவிட நான்காவது அல்லது ஐந்தாவது பதிவு 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அது நோயைச் சுட்டும்.

இதன் காரணம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. அங்கு நரம்பு அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. அடுத்தடுத்த தூண்டலில் அதன் அளவு சிறிது குறைவது இயல்பு. நலமானவருக்கு அது போதும். நோயாளிக்கோ, உடலின் எதிர்ப்பொருள்கள் தசையில் உள்ள ஏற்பிகளைத் தாக்கியிருப்பதால், அக்குறைவே தசையைத் தளர்த்திவிடுகிறது. கண் தசைகளை மட்டும் நோய் பாதித்திருந்தால் சோதனை இயல்பாகவே அமையலாம். அப்போது குருதிச் சோதனையும் ஒற்றைத் தசைநார் மின்பதிவும் உதவுகின்றன.

நரம்பை அடுத்தடுத்துத் தூண்டும் முறை பிற பாதிப்புகளை அறியவும் பயன்பட்டது. பூச்சிக்கொல்லி நஞ்சு உட்கொண்டவர்களுக்குச் சில நாள்கள் கழித்து ஏற்படும் தசைத் தளர்ச்சியை 1987 இல் விவரித்த இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்க, கரலியத்த ஆகியோரும் இவ்வகைச் சோதனையைப் பயன்படுத்தினர்.

மறைவு

ஜோலி 1904 ஜனவரி 4 அன்று, தமது 59 ஆவது வயதில் பெர்லினில் காலமானார். அவருக்குப் பின் தியோடர் சீஹன் சாரிட்டேயில் அப்பொறுப்பை ஏற்றார்.