69 புள்ளிகளும் ஒரு தோல்வியும்

1970ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகக் குழுவும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவும் கூடைப்பந்து ஆட்டமொன்றில் மோதின. லூசியானா குழுவைச் சேர்ந்த ஒருவர் தனியாகவே 69 புள்ளிகளைக் குவித்தார். ஒரு முழுக் குழு எடுக்கக்கூடிய புள்ளிகளை ஒருவரே எடுத்ததைக் கண்டு பார்வையாளர்கள் வியந்தனர். ஆயினும், அலபாமா 106க்கு 104 எனும் புள்ளிக் கணக்கில் வென்றது. அந்த 69 புள்ளிகளை எடுத்தவர் பீட் மராவிச்.

பீட் 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் அலிகுவிப்பா என்னும் எஃகு ஆலை நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பிரெஸ் மராவிச் கூடைப்பந்து ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநரானவர். தம் மகனை ஈடு இணையற்ற ஆட்டக்காரராக உருவாக்க வேண்டும் என்பது அவரது கனவு. நாளடைவில் அதுவே மகனின் கனவாகவும் மாறியது.

பீட் கண்களைக் கட்டிக்கொண்டு பந்தைத் தட்டிப் பழகினார். தந்தை காரை மெதுவாக ஓட்ட, அவர் கையை வெளியே நீட்டிச் சாலையில் பந்தைத் தட்டியபடி செல்வார். திரையரங்கிற்குச் சென்றாலும் பந்து உடன் வரும். சிறு வயதில் கைகளுக்குப் போதிய வலிமை இல்லாததால், இடுப்பருகிலிருந்து துப்பாக்கியை உருவுவதுபோல் பந்தை எறிந்தார். அதனால், ‘பிஸ்டல்’ என்னும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

1966ஆம் ஆண்டில் தந்தை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநரானார். மகனும் அங்கேயே சேர்ந்தார். முதலாமாண்டு மாணவர்கள் முதன்மைக் குழுவில் ஆடக்கூடாது என்பது அக்கால விதி. அந்தப் பருவத்தில் முதன்மைக் குழு 26 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றது. மறு ஆண்டு பீட் களமிறங்கியதும் வெற்றிகள் 14 ஆக உயர்ந்தன. காலியாகக் கிடந்த அரங்கம் நிரம்பி வழிந்தது.

எனவே, தந்தை ஆட்டத் திட்டம் முழுவதையும் மகனை மையமாக வைத்தே அமைத்தார். பீட் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 38 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். சக ஆட்டக்காரர்களின் முக்கிய வேலை அவரிடம் பந்தைச் சேர்ப்பதாக இருந்தது. மூன்று ஆண்டுகளில், 83 ஆட்டங்களில் அவர் 3,667 புள்ளிகளைப் பெற்றார். ஆட்டத்திற்குச் சராசரி 44.2 புள்ளிகள். தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளிகள் என்னும் விதி அப்போது இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்தின் உயர்மட்டப் பிரிவில் இச்சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

இருப்பினும், புள்ளிகள் குவிந்த அளவுக்கு வெற்றிகள் குவியவில்லை. 1969ஆம் ஆண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழுவை லூசியானா குழு சந்தித்தது. பீட் 38 புள்ளிகள் எடுத்தார். அவரது குழுவோ 84க்கு 133 எனத் தோற்றது. வென்ற குழுவில் தனியொரு நட்சத்திரத்தை நம்பிய ஆட்டம் இல்லை. முதலில் களமிறங்கும் ஐவருமே அந்தப் பருவத்தில் சராசரியாகப் பத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பெற்றனர். அவ்வாண்டின் தேசிய வெற்றியாளரும் அக்குழுதான். பீட்டின் குழு அத்தேசியப் போட்டிக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை.

பீட்டைத் தன்னலம் மிக்கவர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பாராமலே பந்தைத் தோழரிடம் கடத்துவதில் அவர் வல்லவர். நிறையப் புள்ளிகள் எடு என்பது தந்தையின் கட்டளை. அதுவே இரசிகர்களின் ஆசையும்கூட. ஆனால், ஒருவரையே தூணாகக் கொண்ட கூரை எத்தனை நாள் தாங்கும்?

1970இல் அட்லாண்டா ஹாக்ஸ் என்னும் தொழில்முறைக் குழு ஏறத்தாழ 1.9 மில்லியன் டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத இளைஞருக்கு இவ்வளவு பெரிய தொகையா என அங்கிருந்த மூத்த ஆட்டக்காரர்கள் மனம் வருந்தினர். பின்னர், நியூ ஆர்லியன்ஸ் குழுவுக்கு மாறிய பீட், 1977இல் ஓர் ஆட்டத்தில் 68 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டே முழங்கால் காயம் அவரை முடக்கியது. 1980இன் தொடக்கத்தில் பாஸ்டன் குழுவில் சேர்ந்தவர், அவ்வாண்டின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றார். 1981இல் பாஸ்டன் வெற்றிக் கிண்ணத்தை வென்றபோது அவர் அக்குழுவில் இல்லை. வாழ்நாளெல்லாம் ஏங்கிய வெற்றியாளர் பட்டம் அவருக்குக் கிட்டாமலே போயிற்று.

ஓய்வுக்குப் பின் பீட் நெடுநாள் மனவெறுமையில் தவித்தார். பிறகு, இறைநம்பிக்கையில் ஆறுதல் கண்டார். சிறுவர்களுக்குக் கூடைப்பந்து முகாம்கள் நடத்தி, தாம் கற்ற நுணுக்கங்களையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். புகழ் மட்டும் ஒருவருக்கு நிறைவைத் தராது என்பதைத் தம் வாழ்க்கையையே சான்றாகக் காட்டி எடுத்துரைத்தார். 1987இல் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

1988ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் தேவாலய உடற்பயிற்சிக் கூடமொன்றில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது பீட் சுருண்டு விழுந்து உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 40. இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் இடப்புறத் தமனி அவருக்குப் பிறவியிலேயே இல்லை என்பதை மருத்துவர்கள் பின்னர்க் கண்டறிந்தனர். அத்தகைய இதயத்தோடுதான் அவர் அத்தனை ஆண்டுகள் ஓடி ஆடியிருந்தார்.

அவ்வாண்டே லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எண்ணற்ற புள்ளிகளைத் தேடி ஓடிய பீட் மராவிச்சின் கடைசி ஆட்டத்தில் பட்டமும் இல்லை, பரிசும் இல்லை. உடன் ஆட நண்பர்கள் மட்டுமே இருந்தனர்.