கிரேஸ் ஃபிரையர்: பழைய வாட்ச்சில் ஒளிர்ந்த ரேடியம்... கோர்ட் வரை போன பெண்ணின் கதை!

பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் ஒரு வாட்ச்சைக் கையில் எடுத்ததும் உற்றுப் பார்ப்பது டயலைத்தான். இருட்டில் ஒளிர்வதற்காக எண்கள் மீதும் முட்கள் மீதும் பூசிய பெயின்ட் அசலா, இல்லை பிற்பாடு யாராவது பூசியதா? இதை வைத்தே விலை ஏறும், இறங்கும். 1960-களுக்கு முந்தைய ஒளிரும் வாட்ச்சுகள் பலவற்றில் அந்த பெயின்ட்டில் இருப்பது ரேடியம். அதை டயலில் பூசும் வேலைக்குப் போய் உயிரையே இழந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கிரேஸ் ஃபிரையர். யார் இவர்? இன்றைய வாட்ச் சந்தைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம் வாங்க.

18 வயதில் கிடைத்த வேலை

1899-ல் பிறந்த கிரேஸ், 1917-ல் நியூ ஜெர்சி மாநிலம் ஆரஞ்ச் நகரில் இருந்த ஒரு ரேடியம் பெயின்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய நேரம் அது. இருட்டில் விளக்கு ஏற்றாமலே வீரர்கள் மணி பார்க்க வேண்டும். அதனால் ஒளிரும் டயல்களுக்கு ஏக கிராக்கி.

ரேடியத்துடன் துத்தநாக சல்பைடு கலந்த பெயின்ட் அது. ரேடியத்தின் கதிர்வீச்சு சல்பைடு மீது பட்டுக்கொண்டே இருப்பதால் இரவெல்லாம் பச்சை ஒளி வரும். அதை மெல்லிய பிரஷ்ஷால் எண்கள் மீது பூச வேண்டும். ஒரு நாளைக்கு 250 டயல்கள் வரை போவதும் உண்டு. டயல் கணக்கில்தான் கூலி.

சிக்கல் பிரஷ் முனையில் இருந்தது. முடி பிரிந்தால் கோடு தடித்துவிடும். அதனால் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வாய்க்குள் போனது. அதே கம்பெனியில் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு ஈயத் தடுப்பும் இடுக்கியும் இருந்தன. டயல் பூசிய பெண்களுக்கு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ரேடியத்தை டானிக் என்று விற்றதால் அவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. கிரேஸ் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை இருட்டில் ஒளிரும். அவ்வளவு பெயின்ட் தூசு உள்ளே போயிருந்தது.

எலும்பில் குடியேறிய விஷம்

1920-ல் கிரேஸ் அந்த வேலையை விட்டுவிட்டு வங்கி ஒன்றில் சேர்ந்தார். சுமார் 2 ஆண்டுகளில் பற்கள் விழ ஆரம்பித்தன. தாடை அரித்தது. பிறகு முதுகெலும்பு நொறுங்கத் தொடங்கி, இரும்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

காரணம் என்ன? ரேடியம் வேதியியல்படி கால்சியத்தைப் போன்றது. அதனால் உடல் அதை எலும்பில் சேர்த்துவிடும். அங்கிருந்தபடியே அது கதிர்வீச்சை வெளியிட்டு எலும்பை உள்ளிருந்து அழிக்கும். 1925-ல் எசெக்ஸ் மாவட்ட மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட் இதை நிரூபித்தார். பாதிக்கப்பட்ட பெண்களின் மூச்சுக்காற்றிலேயே ரேடான் வாயு இருந்தது.

கம்பெனியோ பொறுப்பேற்க மறுத்தது. 1922-ல் இறந்த மோலி மேகியா என்ற தொழிலாளியின் மரணச் சான்றிதழில் சிபிலிஸ் என்று எழுதப்பட்டிருந்தது. 1927-ல் அவரது உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது எலும்புகளில் கதிர்வீச்சு இருந்தது.

வக்கீல் கிடைக்கவே 2 ஆண்டுகள்

வழக்குப் போட முடிவெடுத்த கிரேஸுக்கு வக்கீல் கிடைக்கவே சுமார் 2 ஆண்டுகள் ஆனது. கடைசியில் ரேமண்ட் பெர்ரி என்ற இளம் வக்கீல் முன்வர, 1927 மே மாதம் வழக்கு பதிவானது. கேத்ரின் ஷாப், எட்னா ஹஸ்மன், மோலியின் சகோதரிகளான குவின்டா மெக்டொனால்டு, அல்பினா லாரிஸ் ஆகியோரும் சேர்ந்தார்கள். பத்திரிகைகள் இவர்களை 'ரேடியம் பெண்கள்' என்று அழைத்தன. ஆளுக்கு 2.5 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டார்கள்.

வேலையை விட்டு 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். நோய் தெரிவதற்கே பல வருஷம் ஆகும்போது எப்படிப் போடுவது? 1928 ஜனவரியில் கோர்ட்டுக்கு வந்தபோது, சத்தியப் பிரமாணத்துக்குக் கையைத் தூக்கவே சிலரால் முடியவில்லை. அந்த நிலையிலும் வழக்கு செப்டம்பருக்குத் தள்ளிப்போனதும் பத்திரிகைகள் கொதித்தன. ஜூன் மாதம் சமரசம் ஏற்பட்டது. ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. ஆனால் தப்பு தன்னுடையது என்று கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த பெயின்ட்டைக் கண்டுபிடித்த சபின் வான் சோச்சாக்கியும் அதே 1928-ல் ரேடியம் பாதிப்பால் இறந்தார். கிரேஸ் 1933 அக்டோபரில் இறந்தார். வயது 34.

இவர்களைப் போன்ற டயல் தொழிலாளர்களிடம் கிடைத்த தகவல்களை வைத்துத்தான், மனித உடலில் எவ்வளவு ரேடியம் வரை இருக்கலாம் என்ற வரம்பு 1941-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது.

சரி, வாட்ச் விலைக்கு என்ன சம்பந்தம்?

1960-களில் ரேடியத்தின் இடத்துக்கு டிரிட்டியம் வந்தது. கதிர்வீச்சு இதிலும் உண்டு, ஆனால் வீரியம் மிகக் குறைவு. 1990-களில் கதிர்வீச்சே இல்லாத சூப்பர் லூமிநோவா வந்தது. எனவே பெயின்ட்டைப் பார்த்தே வாட்ச்சின் காலத்தைக் கணிக்கலாம். 1950-ல் செய்த வாட்ச்சின் டயல் அடியில் டிரிட்டியத்தைக் குறிக்கும் 'டி' எழுத்து இருந்தால், பிற்காலத்தில் டயலை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அசல் பெயின்ட் காலப்போக்கில் மஞ்சளாகி, பழுப்பாகும். டயலிலும் முள்ளிலும் ஒரே மாதிரி பழுத்திருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள். சுரண்டிவிட்டுப் புது பெயின்ட் பூசினால் மதிப்பு இறங்கும். அதாவது உடலுக்கு ஆபத்தான அதே ரேடியம்தான் சந்தையில் மதிப்பைக் கூட்டுகிறது.

ஒளிரவில்லை என்றால் ஆபத்து இல்லையா?

பலர் ஏமாறுவது இங்கேதான். ஒளி போனதற்குக் காரணம் துத்தநாக சல்பைடு சிதைந்துபோனது. ரேடியம் அப்படியே இருக்கும். அது பாதியாகக் குறைய சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். 100 ஆண்டில் குறைவது 4 சதவீதம் அளவுக்குத்தான். டிரிட்டியமோ 12.3 ஆண்டுகளிலேயே பாதியாகிவிடும்.

எனவே ரேடியம் வாட்ச் கையில் இருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள், டயலைச் சுரண்டாதீர்கள். உதிரும் தூசு மூச்சிலோ வாயிலோ போவதுதான் பெரிய ஆபத்து. நிறைய வாட்ச்சுகள் இருந்தால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், ரேடியத்திலிருந்து ரேடான் வாயு வரும். பழுது பார்க்கக் கொடுத்தால் ரேடியம் டயல் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றபடி, நம்ம வண்டியில் ஒட்டும் 'ரேடியம்' ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பழைய டயலில் கம்பெனி பெயர் இருக்கும். பெயின்ட் பூசியவர் பெயர் இருக்காது. கிரேஸ் ஃபிரையர் என்ற பெயர் இன்று தெரிகிறது என்றால், நிற்கக்கூட முடியாத நிலையிலும் அவர் கோர்ட் படி ஏறியதால்தான்.